உலகக் கிண்ணத் தலைவனின் அமெரிக்க நாட்கள்

1976 மே 31. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஜோன் எப். கென்னடி அரங்கு. சுமார் ஒரு இலட்சம் பேர் அமரக்கூடிய அந்தப் பிரமாண்டமான அரங்குக்கு அன்று வந்திருந்தவர்கள் ஏறத்தாழ 16,000 பேர் மாத்திரமே. அமெரிக்க சுதந்திரத்தின் 200ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு நான்கு அணிகள் பங்கேற்ற ஒரு சுற்றுப்போட்டி அங்கு நடந்துகொண்டிருந்தது. அன்றைய ஆட்டம் இங்கிலாந்துக்கும் ‘டீம் அமெரிக்கா’ என்ற அணிக்கும் இடையிலானது.

டீம் அமெரிக்கா என்பது பெயரளவில்தான் அமெரிக்க அணி. அங்கிருந்த தொழில்முறை லீக்கில் சம்பளத்துக்கு விளையாடிக்கொண்டிருந்த பல நாட்டு வீரர்களைச் சேர்த்து அமைக்கப்பட்ட கூட்டணி அது. பிரேசிலின் பெலே, இத்தாலியின் ஜோர்ஜியோ கினாலியா ஆகியோர் அதில் இடம்பெற்றிருந்தனர். பின்களத்தில் நின்ற 35 வயதான வீரரை எதிரணியினர் ஒவ்வொருவரும் நன்கு அறிவர். இங்கிலாந்துக்காக 108 சர்வதேசப் போட்டிகளில் விளையாடி, அவற்றில் 90 போட்டிகளில் அணித்தலைவராக இருந்தவர். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டுக்கு அதன் ஒரே உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்த தலைவர். அவர் பெயர் பொபி மூர்.

அன்று இங்கிலாந்து 3–1 என வென்றது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அந்தப் போட்டியை உத்தியோகபூர்வ சர்வதேசப் போட்டியாகக் கணக்கில் எடுக்கவில்லை. மூரின் வாழ்க்கையைச் சொல்பவர்களும் பெரும்பாலும் அந்த நாளைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். வெம்ப்ளியில் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் புகைப்படத்துடனேயே அவரை நிறுத்திவிடுவது எல்லோருக்கும் வசதியானது. ஆனால், தன் சொந்த நாட்டுக்கு எதிராக, முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்த ஓர் அமெரிக்க மைதானத்தில் அவர் ஏன் நிற்க வேண்டி வந்தது? அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு விளையாட்டு வீரனின் கதை மட்டுமல்ல, தன் நாயகர்களை ஒரு நாடு எப்படி நடத்துகிறது என்ற கதையும் இருக்கிறது.

20 பவுண் காலத்துப் பிள்ளை

1941 ஏப்ரல் 12ஆம் திகதி கிழக்கு லண்டனை அண்டிய பாக்கிங் என்ற பகுதியில், தொழிலாளர் குடும்பமொன்றின் ஒரே பிள்ளையாக மூர் பிறந்தார். லண்டன்மீது ஜேர்மனி குண்டு வீசிக்கொண்டிருந்த காலம் அது. பாடசாலை முடிந்ததும் அருகிலிருந்த வெஸ்ட் ஹாம் யுனைட்டட் கழகத்தில் சேர்ந்தார். 1958 செப்டெம்பரில், 17 வயதில், மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு எதிரான போட்டியில் முதன்முறையாகப் பிரதான அணிக்காகக் களமிறங்கினார்.

அந்த நாட்களில் இங்கிலாந்தில் உதைபந்தாட்ட வீரர் என்பவர் ஒரு கூலித் தொழிலாளிதான். எவ்வளவு திறமையிருந்தாலும் வாரச் சம்பளம் ஓர் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. 1961 ஜனவரியில் அந்த விதி நீக்கப்பட்டபோது அந்த வரம்பு 20 பவுண். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகம் விரும்பினால் மாத்திரமே வீரர் வேறிடம் போகலாம் என்ற நடைமுறையும் இருந்தது. 1963இல் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கில் மேல் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. ஆயினும் கழகங்களின் பிடி உடனே தளர்ந்துவிடவில்லை. மூரின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி அவசியம். இன்றைய நட்சத்திரங்களைப்போல ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குச் சம்பாதித்தவர் அல்லர் அவர்.

மூரிடம் வேகம் இல்லை. தலையால் பந்தை முட்டுவதிலும் அவர் சிறந்தவர் அல்லர். ஆனால் எதிரணி வீரர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை அவருக்கு முன்பாகவே ஊகித்து, பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நிற்பார். பந்தைப் பறித்ததும் எங்காவது உதைத்துத் தள்ளாமல் நிதானமாகத் தலையை உயர்த்திப் பார்த்து, சரியான ஆளுக்குக் கொடுப்பார். ஓடிக் களைத்துச் சறுக்கி விழுந்து தடுப்பதே பின்கள வீரரின் வேலை என்று கருதப்பட்ட காலத்தில், நின்றபடியே ஆட்டத்தை வாசித்தவர் அவர்.

அமெரிக்காவுக்கு அவர் முதன்முறை போனது வேலை தேடி அல்ல. 1963 கோடையில், பல நாட்டுக் கழகங்களை அழைத்து நியூயோர்க்கை மையமாகக் கொண்டு நடத்தப்பட்ட சர்வதேச சொக்கர் லீக் போட்டிகளில் வெஸ்ட் ஹாம் பங்கேற்றது. போலந்தின் கோர்னிக் சாப்ஷே கழகத்தை வென்று அந்தத் தொடரின் வெற்றியாளரானது. தொடரின் மிகச் சிறந்த வீரராக 22 வயதான மூர் தெரிவுசெய்யப்பட்டார். உதைபந்தாட்டம் என்றால் வேறொரு விளையாட்டை நினைத்துக்கொள்ளும் நாடொன்றில் கிடைத்த அந்தப் பாராட்டை அப்போது இங்கிலாந்தில் எவரும் பெரிதுபடுத்தவில்லை.

மறைக்கப்பட்ட நோயும் ஒரு மாத ஒப்பந்தமும்

1964ஆம் ஆண்டு மூருக்கு ஏறுமுகமாக அமைந்தது. மே மாதத்தில் வெஸ்ட் ஹாம் அவரது தலைமையில் எப்.ஏ. கிண்ணத்தை வென்றது. ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் அவருக்கு விதைப் புற்றுநோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, நவம்பரில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அவருக்கு வயது 23. மனைவி கர்ப்பமாக இருந்தார். வெளியில் அது தொடையிடுக்கில் ஏற்பட்ட காயம் என்றே சொல்லப்பட்டது. சக வீரர்கள் பலருக்குக்கூட உண்மை தெரியாது. புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டில் உரத்துச் சொல்லத் தயங்கிய காலம் அது. உடல்வலிமையே மூலதனமாக இருந்த ஒரு தொழிலில் அந்தத் தயக்கம் இன்னும் அதிகம்.

சில மாதங்களில் அவர் மைதானத்துக்குத் திரும்பினார். 1965 மேயில், வெம்ப்ளியில், மியூனிக் 1860 கழகத்தை 2–0 என வென்று ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தை வெஸ்ட் ஹாம் கைப்பற்றியபோதும் தலைவர் அவர்தான்.

அடுத்த ஆண்டு உலகக் கிண்ணம். அதற்குச் சற்று முன்னர் வெஸ்ட் ஹாமுடன் மூருக்கு ஒப்பந்தத் தகராறு ஏற்பட்டிருந்தது. 1966 ஜூன் 30ஆம் திகதியுடன் அவரது ஒப்பந்தம் முடிவடைந்தது. கழக ஒப்பந்தம் இல்லாத ஒருவர் இங்கிலாந்து அணிக்காக விளையாட முடியாது. உலகக் கிண்ணத்தின் முதல் போட்டிக்கு நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்த நிலையில், இங்கிலாந்து முகாமையாளர் அல்ப் ராம்சே தலையிட, வெஸ்ட் ஹாம் முகாமையாளர் ரொன் கிரீன்வூட் அணியின் விடுதிக்கு வந்து, ஒரே ஒரு மாதத்துக்கான ஒப்பந்தத்தில் மூரின் கையொப்பத்தைப் பெற்றார். அந்த ஒரு மாத ஒப்பந்தத்தில் இருந்த மனிதர்தான் ஜூலை 30ஆம் திகதி மேற்கு ஜேர்மனியை 4–2 என வென்று கிண்ணத்தைப் பெற்றார். அன்றைய இறுதிப் போட்டியில் ஜெப் ஹேர்ஸ்ட் அடித்த முதல் கோலுக்கும் கடைசிக் கோலுக்கும் பந்து கொடுத்தவரும் அவரே. மகாராணியின் வெண்ணிறக் கையுறையைக் கண்டதும் தன் சேற்றுக் கைகளை அவசரமாகத் துடைத்துக்கொண்ட காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது.

அந்த வெற்றிக்காக வீரர் ஒருவருக்குக் கிடைத்த ஊக்கத்தொகை 1,000 பவுண்.

அந்த இறுதிப் போட்டிக்கு இன்னொரு விளைவும் இருந்தது. என்.பி.சி. தொலைக்காட்சி அதை அமெரிக்காவில் ஒளிபரப்பியது. அதைப் பார்த்த அமெரிக்க முதலீட்டாளர்கள் சிலருக்கு இந்த விளையாட்டில் பணம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் வலுத்தது. அடுத்த ஆண்டே அங்கே இரண்டு போட்டி லீக்குகள் ஆரம்பமாகின. இரண்டும் நட்டப்பட்டு, 1968இல் ஒன்றிணைந்து வட அமெரிக்க சொக்கர் லீக் ஆகின. தான் தலைமைதாங்கிய ஓர் ஆட்டத்தின் உற்சாகத்தில் முளைத்த லீக்கிடமே பத்து ஆண்டுகளின் பின்னர் மூர் வேலைக்குப் போனார்.

கதவுகள் மூடத் தொடங்கிய காலம்

1970 உலகக் கிண்ணத்துக்காக மெக்சிக்கோ செல்லும் வழியில், கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில், விடுதியொன்றின் நகைக்கடையிலிருந்து கைக்காப்பு ஒன்றைத் திருடியதாக மூர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. நான்கு நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். குற்றச்சாட்டு ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. சில நாட்களின் பின்னர் குவாதலஹாராவில் பிரேசிலுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டம், பின்கள வீரர் ஒருவர் ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது. இங்கிலாந்து 0–1 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பெலேயும் மூரும் வெற்றுடலுடன் சட்டைகளை மாற்றிக்கொண்ட புகைப்படம் உலகம் முழுவதும் சென்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் நியூயோர்க்கில் வெஸ்ட் ஹாமும் பெலேயின் சாந்தோஸும் மோதிய காட்சிப் போட்டி 2–2 எனச் சமநிலையில் முடிந்தது.

1973 ஜூனில் போலந்தில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் மூர் செய்த ஒரு தவறு கோலாக முடிந்தது. இங்கிலாந்து 0–2 எனத் தோற்றது. ஒக்டோபரில் வெம்ப்ளியில் நடந்த மறுபோட்டிக்கு அவர் தெரிவுசெய்யப்படவில்லை. அந்தப் போட்டி 1–1 எனச் சமநிலையில் முடிய, இங்கிலாந்து 1974 உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தது. நவம்பரில் இத்தாலிக்கு எதிராக விளையாடியதே இங்கிலாந்துக்கான அவரது கடைசிப் போட்டி.

வெஸ்ட் ஹாமில் 544 லீக் போட்டிகளில் விளையாடிய பின்னர், 1974 மார்ச்சில் இரண்டாம் பிரிவிலிருந்த புல்ஹாம் கழகத்துக்கு 25,000 பவுணுக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டே புல்ஹாம் எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரணி வெஸ்ட் ஹாம். புல்ஹாம் 0–2 எனத் தோற்றது. வெம்ப்ளியில் அவர் விளையாடிய கடைசிப் பெரிய போட்டி அதுதான்.

வேறொரு விளையாட்டின் நாட்டில்

1975இல் நியூயோர்க் கொஸ்மோஸ் கழகம் பெலேயை ஒப்பந்தம் செய்தது. அதன் உரிமையாளர் வோர்னர் கம்யூனிகேஷன்ஸ் என்ற திரைப்பட, இசை நிறுவனம். ஒரு விளையாட்டை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டுமானால் முதலில் ஒரு நட்சத்திரம் வேண்டும் என்ற சினிமாக் கணக்கு அதில் இருந்தது. மற்றக் கழகங்களும் அதே வழியில் இறங்கின. லொஸ் ஏஞ்சல்ஸுக்கு ஜோர்ஜ் பெஸ்ட், தம்பா பேவுக்கு ரொட்னி மார்ஷ், சியாட்டிலுக்கு ஜெப் ஹேர்ஸ்ட் எனப் பெயர்கள் வந்துசேர்ந்தன. 1977இல், வாகன விபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்து இங்கிலாந்தில் ஓய்வுபெற்றிருந்த கோல்காப்பாளர் கோர்டன் பாங்ஸும் புளோரிடாவின் போர்ட் லோடர்டேல் கழகத்துக்காகக் களமிறங்கினார்.

இதற்குக் கால அட்டவணையும் உதவியது. இங்கிலாந்தில் லீக் போட்டிகள் ஓகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும். அமெரிக்காவில் ஏப்ரலில் தொடங்கி ஓகஸ்டில் முடியும். ஆகவே இங்கிலாந்துக் கழகங்கள் தங்கள் வீரர்களைக் கோடைகாலத்துக்கு இரவலாகக் கொடுத்தன. கழகத்துக்குச் சம்பளச் செலவு மிச்சம், வீரருக்கு இரண்டாவது வருமானம்.

1976இல் மூர் போனது டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ தண்டர் கழகத்துக்கு. நியூயோர்க்கின் பகட்டோ லொஸ் ஏஞ்சல்ஸின் திரைநட்சத்திரங்களோ அங்கு இல்லை. டெக்சாஸ் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் கோட்டை. கோடை வெயில் சுட்டெரிக்கும். உலகக் கிண்ணத்தை வென்ற தலைவர் என்பதன் அர்த்தம், பார்வையாளர்களில் பலருக்கு விளக்கிச் சொன்னால்தான் புரியும்.

விதிகளும் வேறு. வெற்றிக்கு ஆறு புள்ளிகள், அத்துடன் அடிக்கும் கோல்களுக்கு, மூன்று வரை, மேலதிகப் புள்ளிகள். ஓப்சைட் விதி மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து அல்ல, கோலிலிருந்து 35 யார் தூரத்தில் வரையப்பட்ட கோட்டிலிருந்தே செல்லுபடியாகும். சமநிலை என்ற முடிவை அமெரிக்க ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு போட்டியிலும் ஒருவர் வென்றே ஆகவேண்டும். பல மைதானங்களில் புல்லுக்குப் பதில் செயற்கை விரிப்பு. அதில் பந்து வேகமாகத் துள்ளும், விழுந்தால் தோல் உரியும். ஊகித்து நிற்பதையே ஆயுதமாகக் கொண்ட ஒரு வீரருக்கு, இத்தனை ஆண்டுகள் மனதில் பதிந்த கணக்குகள் எல்லாம் மாறிப்போன இடம் அது.

அந்தப் பருவத்தில் அவர் 24 போட்டிகளில் விளையாடினார், ஒரு கோல் அடித்தார். பெருமை பேச அதிகம் இல்லாத எண்கள். ஆனால் 35 வயதில், அந்த வெயிலில், ஒரு பருவத்தின் எல்லா லீக் போட்டிகளிலும் களமிறங்கியவர் ஓய்வெடுக்க வந்தவர் அல்லர் என்பது அதிலிருந்து தெரிகிறது. பிலடெல்பியாவில் இங்கிலாந்துக்கு எதிராக நின்றதும் அதே பருவத்தில்தான்.

தண்டர் கழகத்தின் ஆயுள் இரண்டு பருவங்கள். மூர் போன மறு ஆண்டே அது ஹவாய்க்கு இடம்மாறி ‘டீம் ஹவாய்’ ஆனது. அதற்கடுத்த ஆண்டு ஒக்லஹோமா மாநிலத்துக்குப் போய் ‘டல்சா ரஃப்னெக்ஸ்’ ஆனது. இங்கிலாந்தில் ஒரு கழகம் என்பது ஒரு ஊர், ஒரு தெரு, தலைமுறைகளின் விசுவாசம். அமெரிக்காவில் அது உரிமையாளர் விரும்பினால் வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லக்கூடிய ஒரு வியாபாரம். நூற்றாண்டுப் பழமை கொண்ட தாயக உதைபந்தாட்டம் மூருக்குக் கொடுக்காத வேலையை, இரண்டு பருவங்களில் காணாமற்போன ஒரு கழகம் கொடுத்தது.

பதில் வராத ஆண்டுகள்

அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் மூர், ஜோர்ஜ் பெஸ்ட், ரொட்னி மார்ஷ் ஆகிய மூவரும் புல்ஹாமில் ஒன்றாக விளையாடினர். அமெரிக்காவின் ‘நட்சத்திரம் காட்டு, கூட்டம் வரும்’ என்ற சூத்திரம் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவுக்கும் வந்துசேர்ந்தது போலிருந்தது. 1977 மே 14இல் பிளாக்பேர்னுக்கு எதிரான போட்டியுடன் இங்கிலாந்து லீக்கில் அவரது ஆட்டம் முடிவுக்கு வந்தது.

அதன் பின்னர் எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு முகாமையாளர் பதவி. ஆட்டத்தை அவரைப்போல வாசித்தவர்கள் குறைவு. ஆனால் முதற்பிரிவுக் கழகம் எதுவும் அவரை முகாமையாளராக்கவில்லை. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமும் இளையோர் அணியிலோ, பயிற்சித் துறையிலோ, தூதுவராகவோகூட அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்கவில்லை. அவருடன் 1966இல் விளையாடிய ஜெக் சார்ள்டன், ஜெப் ஹேர்ஸ்ட், அலன் போல் போன்றோருக்கு முக்கிய கழகங்களின் கதவுகள் திறந்தன.

ஏன் அவருக்கு மட்டும் திறக்கவில்லை என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது கடினம். மூர் அதிகம் பேசாதவர், யாரிடமும் போய்க் கெஞ்சத் தெரியாதவர். பெரிய வீரரைப் பதவியில் வைத்தால் அவரது நிழல் தங்கள்மேல் விழும் என்று அஞ்சும் நிர்வாகிகள் எங்கும் உண்டு. பொகோட்டாச் சம்பவம் மறக்கப்படாமல் இருந்திருக்கலாம். அவர் கைவைத்த வியாபாரங்களும் பெரும்பாலும் நட்டத்திலேயே முடிந்தன. எதுவானாலும், அவரைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அதிகாரத்திலிருந்த எவருக்கும் தோன்றவில்லை என்பதே உண்மை.

ஆகவே அவர் மீண்டும் கால்களை நம்பினார். 1978இல் டென்மார்க் தொழில்முறை உதைபந்தாட்டத்தை அனுமதித்தபோது, அதைக் கொண்டாட ஹேர்னிங் பிரேமாட் என்ற சிறிய கழகம் அவரை அழைத்தது. அங்கு ஒன்பது போட்டிகள். அதே ஆண்டில் மீண்டும் அமெரிக்கா. இம்முறை சியாட்டில் சவுண்டர்ஸ்.

சியாட்டில் அப்போது அமெரிக்க உதைபந்தாட்டத்தின் உயிர்ப்பான நகரங்களில் ஒன்று. கிங்டோம் என்ற கூரையிட்ட பெரிய அரங்கில் போட்டிகள் நடந்தன. முந்தைய ஆண்டு சவுண்டர்ஸ் இறுதிப் போட்டி வரை வந்து பெலேயின் கொஸ்மோஸிடம் 1–2 எனத் தோற்றிருந்தது. வெஸ்ட் ஹாமில் மூருடன் விளையாடிய ஹரி ரெட்நாப் போன்ற பழைய தோழர்களும் அங்கிருந்தனர். 37 வயதான மூர் ஏழு போட்டிகளில் விளையாடினார். லீக் அந்த ஆண்டில் 18 கழகங்களிலிருந்து ஒரேயடியாக 24 கழகங்களாக விரிந்தது. உச்சம்போலத் தெரிந்த அந்த விரிவாக்கமே வீழ்ச்சியின் ஆரம்பம். அத்தனை கழகங்களுக்குப் போதுமான ரசிகர்கள் இருக்கவில்லை. 1979இல் ஒளிபரப்பத் தொடங்கிய ஏ.பி.சி. தொலைக்காட்சி, பார்வையாளர் எண்ணிக்கை போதாமையால் 1980க்குப் பின்னர் விலகிக்கொண்டது. தொலைக்காட்சியால் பிறந்த லீக் தொலைக்காட்சி கைவிட்டதும் தளர்ந்தது. 1984இல் எஞ்சியிருந்தவை ஒன்பது கழகங்கள். அந்தப் பருவத்துடன் லீக்கே முடிவுக்கு வந்தது.

இதற்கிடையில் மூர், இங்கிலாந்தின் தொழில்முறை லீக்குக்கு வெளியே இருந்த ஒக்ஸ்போர்ட் சிட்டி என்ற சிறு கழகத்துக்கு முகாமையாளரானார். துணைக்கு ரெட்நாப். சில நூறு பேர் வந்து பார்க்கும் போட்டிகள் அவை. 1981இல், ஜோன் ஹஸ்டன் இயக்கிய ‘எஸ்கேப் டு விக்டரி’ என்ற திரைப்படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன், மைக்கேல் கெய்ன், பெலே ஆகியோருடன் போர்க்கைதியாக நடித்தார். பின்னர் ஹொங்கொங்கில் ஈஸ்டர்ன் கழகத்துக்குப் பயிற்சியளித்தார்.

மூன்றாவது முறையாகவும் கடைசியாகவும் அவர் அமெரிக்காவில் விளையாடியது 1983இல். வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்த கரோலினா லைட்னின் என்ற கழகம், இரண்டாம் நிலை லீக்கான அமெரிக்கன் சொக்கர் லீக்கில் இருந்தது. பயிற்றுநர் பழைய புல்ஹாம் தோழர் ரொட்னி மார்ஷ். 42 வயதில் மூர் எட்டுப் போட்டிகளில் களமிறங்கினார். அந்தப் பருவத்துடன் அந்தக் கழகமும் மூடப்பட்டது, அந்த லீக்கும் மூடப்பட்டது.

கடைசி இருக்கை

1984இல் சவுத்எண்ட் யுனைட்டட் கழகத்தின் முகாமையாளரானார். மூன்றாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்த அந்தக் கழகம் அந்தப் பருவத்திலேயே நான்காம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 1986இல் விலகினார். இங்கிலாந்து லீக்கில் அவருக்குக் கிடைத்த ஒரே முகாமையாளர் பதவி அதுதான். அதன் பின்னர் ‘சண்டே ஸ்போர்ட்’ என்ற பரபரப்புப் பத்திரிகையில் விளையாட்டுத்துறை ஆசிரியராகப் பெயர் கொடுத்தார். உலகக் கிண்ணத் தலைவரின் பெயர் அப்படியொரு பத்திரிகையில் வருவது பலருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் சங்கடப்பட்டவர்கள் எவரும் அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. 1990இலிருந்து லண்டனின் கெப்பிட்டல் கோல்ட் வானொலியில் போட்டி வர்ணனை செய்தார்.

1991 ஏப்ரலில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இம்முறையும் நோய் பகிரங்கப்படுத்தப்படவில்லை. 1993 பெப்ரவரி 14ஆம் திகதியே அவர் அதை வெளியில் அறிவித்தார். மூன்று நாட்களின் பின்னர், பெப்ரவரி 17இல், வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கும் சான் மரினோவுக்கும் இடையிலான போட்டிக்கு வர்ணனையாளராக வந்து அமர்ந்தார். கிண்ணத்தை உயர்த்திப் பிடித்த அதே அரங்கு. மெலிந்து, தளர்ந்திருந்த அவர் அன்று அங்கு இருந்தது விருந்தினராக அல்ல, கூலிக்கு வேலை செய்யும் ஊழியராக. ஒரு வாரத்தில், பெப்ரவரி 24ஆம் திகதி, 51 வயதில் காலமானார். 1966 இறுதிப் போட்டியில் ஆடிய 11 வீரர்களில் முதலில் மறைந்தவர் அவர்தான்.

அதன் பின்னர்தான் மரியாதைகள் வரிசையாக வந்தன. அவரது பதக்கங்களை 2000ஆம் ஆண்டில் வெஸ்ட் ஹாம் கழகம் 18 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. அவரை விற்றபோது அதே கழகம் பெற்ற 25,000 பவுணை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2007இல் புதிய வெம்ப்ளி அரங்கின் முகப்பில் அவருக்குப் பெரிய வெண்கலச் சிலை வைக்கப்பட்டது. 2008இல் வெஸ்ட் ஹாம் அவரது ஆறாம் இலக்கச் சட்டையை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என அறிவித்தது. சக வீரர்களான பொபி சார்ள்டனும் ஹேர்ஸ்ட்டும் பின்னாளில் ‘சேர்’ பட்டம் பெற்றனர். அந்தப் பட்டம் உயிருடன் இருப்பவர்களுக்கு மட்டுமே வழங்கப்படுவது. மூருக்கு 1967இல் கிடைத்த ஓ.பி.ஈ. விருதே இறுதியானது.

2007இல் மூரைப்போலவே கிழக்கு லண்டனில் பிறந்த, இங்கிலாந்து அணியின் இன்னொரு முன்னாள் தலைவரும் அமெரிக்காவுக்குப் போனார். டேவிட் பெக்கமின் ஒப்பந்தத்தில், பிற்காலத்தில் ஒரு புதிய கழகத்தை 25 மில்லியன் டொலருக்கு வாங்கும் உரிமையும் சேர்க்கப்பட்டிருந்தது. இன்றைய இன்டர் மயாமி அந்த உரிமையிலிருந்து பிறந்தது. ஒரு தலைமுறை இடைவெளியில், பயணம் ஒன்றுதான், பயணிகளின் நிலைதான் வேறு. பெக்கம் அமெரிக்காவில் உரிமையாளரானார். மூர் அங்கு தொழிலாளியாகவே இருந்தார்.

அமெரிக்கா மூரைக் காப்பாற்றியது என்று சொல்வதும் மிகை. அங்கிருந்த கழகங்களுக்குத் தேவைப்பட்டது அவரது பெயர். பணம் தீர்ந்ததும் அவை மறைந்துபோயின. ஆனால் சான் அன்டோனியோவிலும் சியாட்டிலிலும் சார்லட்டிலும் அவர் செய்தது தனக்குத் தெரிந்த வேலையை, அதற்குரிய கூலிக்கு, குறை சொல்லாமல் செய்ததுதான். நாட்டுக்காக உழைத்தவர்களை வாழும்போது கவனிக்காமல், இறந்தபின் சிலையாக்கும் பழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் இந்தக் கதை இங்கிலாந்துக்கு வெளியேயும் கேட்கப்பட வேண்டியது.

1993இல் அவரது மனைவி ஸ்டெபானி, பெருங்குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக பொபி மூர் நிதியத்தை ஆரம்பித்தார். 23 வயதில் தன் நோயின் பெயரைச் சொல்ல முடியாமற்போன ஒருவரின் பெயர், இன்று அந்த நோயைப் பற்றிப் பேசுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறது. வெம்ப்ளிக்கு வரும் ரசிகர்கள் அவரது சிலையைக் கடந்தே உள்ளே போகிறார்கள். உத்தியோகபூர்வக் கணக்கில் அவர் விளையாடிய சர்வதேசப் போட்டிகள் 108. பிலடெல்பியாவில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் நின்ற அந்த ஒரு நாள் இன்றும் அந்தக் கணக்கில் இல்லை.